கம்ப்யூட்டருக்குள் ஒரு பியானோ – செலவில்லாமல்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இணையத்திலிருந்து ஏதாவது ஒரு பியானோ மிடி பைலை டவுன்லோட் செய்து, அதை விண்டோஸ் மீடியா பிளேயரில் திறக்கவும். பாட்டு வரும். ஆனால் அது பியானோவா, திருவிழாக் கடையில் விற்கும் விளையாட்டுக் கீபோர்டா என்ற சந்தேகமும் கூடவே வரும். ஸ்பீக்கர் சரியில்லை என்று நினைத்துப் புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். ஸ்பீக்கர் மீது ஒரு குற்றமும் இல்லை.

விஷயம் இதுதான். மிடி பைலுக்குள் சத்தம் எதுவும் கிடையாது. "இந்தக் கட்டையை, இந்த நேரத்தில், இவ்வளவு வேகமாக அழுத்து, இப்போது விடு" என்ற கட்டளைகள்தான் அதில் இருக்கின்றன. சமையல் குறிப்பு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அரிசியும் பருப்பும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும். விண்டோஸில் அந்த அரிசி பருப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? சி டிரைவில் விண்டோஸ் போல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ். அங்கே ஜிஎம்.டிஎல்எஸ் என்று ஒரு பைல் இருக்கும். (பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளவும். அந்தப் போல்டரில் எதையும் அழிக்க வேண்டாம்.) அதன் அளவு மூன்றரை எம்.பி. கூட இல்லை. 1991ல் வந்த ஜெனரல் மிடி விதிப்படி 128 வாத்தியங்களும், மேளதாளமும் அந்த மூன்றரை எம்.பி.க்குள் அடைந்து கிடக்கின்றன. அதில் பியானோவுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகும் பியானோ ஒன்றே ஒன்று. அது மட்டுமே ஒரு ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். விலை ஒரு ரூபாய் கூட இல்லை. திருட்டு சிடியும் இல்லை, கிராக் செய்த புரோகிராமும் இல்லை.

சாம்பிள் என்றால் என்ன?

நிஜ வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்து, நாம் கீபோர்டில் கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவை ஒலிக்க விடுவதுதான் சாம்பிளிங். அந்தச் சின்னச் சின்னப் பதிவுகளுக்குச் சாம்பிள் என்று பெயர். எல்லாம் சேர்ந்தால் அது ஒரு சவுண்ட் லைப்ரரி.

யோசனை பழையதுதான். அமெரிக்காவில் பாடகர் ஸ்டீவி வொண்டர் 1982ல் ரே கர்ஸ்வைல் என்ற விஞ்ஞானியுடன் இது பற்றிப் பேசப் போய், அதன் பலனாக 1984ல் கர்ஸ்வைல் 250 என்ற கீபோர்டு வந்தது. அதில் நிஜப் பியானோவின் பதிவுகள் இருந்தன. அது பணக்காரர்களின் வாத்தியம். வீட்டுக் கம்ப்யூட்டர் வரை இதை இறக்கிக் கொண்டு வந்த சவுண்ட் கார்டுகளில் ஒன்று, 1994ல் வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32. சவுண்ட்பான்ட் என்ற பைல் வகை அதனோடு வந்ததுதான். எழுத்துக்குப் பான்ட் மாற்றுவது போல, சத்தத்துக்கு சவுண்ட்பான்ட்! அந்தக் கார்டில் சாம்பிள்களை ஏற்ற இருந்த மெமரி எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 512 கே.பி.

512 கே.பி.யில் பியானோவை அடைக்க என்ன செய்வார்கள்? 88 கட்டைகளில் ஆறு ஏழை மட்டும் பதிவு செய்வார்கள். ஒரு பதிவையே இழுத்தும் சுருக்கியும் பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு கட்டைகளுக்குப் பயன்படுத்துவார்கள். ஒலியின் முதல் ஒன்றிரண்டு விநாடியை வைத்துக் கொண்டு, மீதியை ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சமாளிப்பார்கள். இதற்கு லூப் என்று பெயர். எல்லாவற்றையும் விட மோசமானது, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒரு பலத்தில் வாசித்த பதிவுதான் இருக்கும். மெல்ல அழுத்தினால் அதே பதிவு சத்தம் குறைந்து வரும். ஓங்கி அழுத்தினால் அதே பதிவு சத்தம் கூடி வரும்.

நிஜப் பியானோ அப்படி இல்லை. மெல்லத் தொட்டால் சுத்தியல் கம்பியைத் தடவியது போல மொழுமொழுவென்று ஒரு ஒலி வரும். ஓங்கி அடித்தால் சத்தம் கூடுவதோடு, ஒலியின் நிறமே மாறி, உலோகம் போலக் கணீரென்று கேட்கும். ரகசியம் பேசுகிறவரின் குரலை ரெக்கார்டு செய்து வால்யூமைக் கூட்டினால் அது கூப்பாடு ஆகிவிடுமா? சத்தமான ரகசியமாகத்தான் இருக்கும். பியானோவும் அப்படித்தான்.

எங்கள் வீட்டுப் பிரச்னை

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டது என்று சொல்ல வேண்டும். நான் இருப்பது பள்ளிப்பட்டு. திருத்தணியிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டிய ஊர்; தாண்டினால் ஆந்திரா. என் அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பியானோ கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. வீட்டில் இருப்பது ஒரு சாதாரண எலக்ட்ரானிக் கீபோர்டு. தேர்வு அறையில் இருக்கப் போவது நிஜப் பியானோ. அதைத் தொட்டுப் பார்க்கவே சென்னைக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல்.

வாரம் ஒரு நாள் சொல்லித் தரும் ஆசிரியை ஒரு முறை என்னிடம் சொன்னார். "நோட்ஸ் எல்லாம் கரெக்டா வாசிக்கிறா சார். ஆனா டச் வரவே இல்லை. எல்லாத்தையும் ஒரே மாதிரி குத்துறா." குழந்தை என்ன செய்யும்? மெல்லத் தொட்டால் என்ன ஆகும், அழுத்தினால் என்ன ஆகும் என்று அந்தக் கீபோர்டு அவளுக்குச் சொல்லவே இல்லையே. காது சொல்லாததை விரல் எப்படிக் கற்றுக் கொள்ளும்?

சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் வாத்தியம் விற்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் பியானோ கிடைக்கும். எங்கள் பட்ஜெட்டுக்குக் கிடைக்காது. ஆகவே கீபோர்டின் கட்டைகளை மட்டும் வைத்துக் கொண்டு, சத்தத்தை லேப்டாப்பிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தேன்.

சாலமாண்டர் என்ற இலவச பியானோ

இலவசமாகக் கிடைக்கும் பியானோக்கள் பல. இதில் முன்னோடி என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும். 1997 முதல் பல வாத்தியங்களின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்டீன்வே பியானோ ஒன்றும் உண்டு. மெல்ல, நடுத்தரம், பலம் என மூன்று அளவில் பதிவு செய்தது. ஆனால் அது மூலப்பொருள். அப்படியே எடுத்து வாசிக்க முடியாது. நறுக்கி, அடுக்கி, சரி செய்து கொள்ள வேண்டும்.

வாசிக்கத் தயாராக இருப்பதில் நான் சிபாரிசு செய்வது சாலமாண்டர் கிராண்ட் பியானோ. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் செய்தது. யமஹா சி5 என்ற கிராண்ட் பியானோவில், கம்பிகளுக்கு மேலே சுமார் 12 செ.மீ. உயரத்தில் ஏகேஜி சி414 மைக்குகள் இரண்டை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். மிகக் கீழே உள்ள ஏ கட்டையில் ஆரம்பித்து, மூன்று கட்டைக்கு ஒன்று என்று எடுத்திருக்கிறார். 88 கட்டைக்கு இப்படி 30 வரும். ஒவ்வொன்றையும் மெல்லிய தொடுகையிலிருந்து ஓங்கிய அடி வரை 16 வெவ்வேறு பலத்தில்! 30ஐ 16ஆல் பெருக்குங்கள். 480 பதிவுகள்.

மூன்றுக்கு ஒன்றுதான் என்றால் நடுவில் உள்ள கட்டைகள்? ஒவ்வொரு பதிவும் தனக்கும், ஒரு கட்டை மேலுக்கும், ஒரு கட்டை கீழுக்கும் வேலை செய்யும். ஓர் அரை ஸ்வரம் மேலே ஏற்ற, பதிவைச் சுமார் ஆறு சதவீதம் வேகமாக ஓடவிட்டால் போதும். அந்த வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. பத்துக் கட்டை இழுத்தால்தான் வாத்து கத்துவது போல ஆகிவிடும்.

என்னை அசர வைத்தது இந்த 480 அல்ல. கட்டையிலிருந்து விரலை எடுக்கும்போது, உள்ளே டேம்பர் என்ற கம்பளிக் கட்டை கம்பியில் வந்து விழும், சுத்தியல் திரும்பப் போய் உட்காரும். "டொக்" என்று மிக மெல்லிய சத்தம். அதைக்கூட விடவில்லை மனிதர். 88 கட்டைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார். பெடலை மிதிக்கும் சத்தமும் உண்டு. வாசிக்கும்போது இவை தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். சாம்பாரில் பெருங்காயம் போல.

இது இணையத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. முதலில், பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பங்கிடலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தார். 2022ல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டுப் பொதுச் சொத்தாக்கி விட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசு வாங்காமல் தருவது வேறு. திருத்திக் கொள்ள அனுமதி தருவது வேறு. பல நிறுவனங்கள் தரும் "ப்ரீ" பியானோக்கள் பூட்டிய பெட்டி. உள்ளே ஒரு ஸ்வரம் பிசகினாலும் நாம் ஒன்றும் செய்ய முடியாது. சாலமாண்டர் திறந்த பெட்டி. சில ஸ்வரங்களின் சுருதி சற்றே விலகியிருப்பதாக வாசித்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் உட்கார்ந்து திருத்தி, திருத்திய பதிப்பையும் சேர்த்து வைத்தார். ப்ரீபேட்ஸ் என்ற திட்டத்தினர் அதை வேறு வேறு பைல் வகைகளில் மாற்றி வைத்திருக்கிறார்கள். வெப் பக்கங்களில் பியானோ ஒலிக்க வைக்கும் புரோகிராமர்கள் இதைச் சிறிதாக்கி எடுத்துக் கொண்டார்கள். பிரவுசரில் ஏதாவது பியானோ விளையாட்டு ஆடியிருந்தால், உங்களுக்குத் தெரியாமலே இந்தப் பியானோவைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு.

எப்படி நிறுவுவது?

உங்கள் கீபோர்டின் பின்னால் யூ.எஸ்.பி. அல்லது மிடி என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். யூ.எஸ்.பி. இருந்தால் பிரிண்டர் கேபிள் போன்ற கேபிள் ஒன்றே போதும். கீபோர்டில் "டச்" வசதி இருக்க வேண்டும் என்பது முக்கியம். அழுத்தும் வேகத்தை அது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். இதற்கு வெலாசிட்டி என்று பெயர். டச் வசதி இல்லாத கீபோர்டு எப்படி அழுத்தினாலும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். 16 பலத்தில் பதிவு இருந்தும் பயன் இல்லை.

அடுத்து ஒரு பிளேயர் வேண்டும். ப்ளோக் நிறுவனத்தின் ஸ்போர்சாண்டோ இலவசம், எளிமையானது. அதை இன்ஸ்டால் செய்யுங்கள். ப்ரீபேட்ஸ் தளத்தில் சாலமாண்டரின் எஸ்எப்இசட் பதிப்பை டவுன்லோட் செய்யுங்கள். சுருக்கிய பைலாக வரும். செவன்-ஜிப் கொண்டு விரித்துக் கொள்ளவும். உள்ளே எஸ்எப்இசட் என்று முடியும் பைல் ஒன்றும், சாம்பிள்கள் நிறைந்த போல்டர் ஒன்றும் இருக்கும். அந்த எஸ்எப்இசட் பைலை மவுஸால் இழுத்து வந்து ஸ்போர்சாண்டோ விண்டோவில் போடுங்கள். அவ்வளவுதான். எஸ்எப்இசட் பைலை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி வைக்காதீர்கள். பக்கத்திலுள்ள போல்டரைத் தேடித்தான் அது சாம்பிள்களை எடுக்கிறது. தனியே பிரித்தால் ஊமையாகிவிடும்.

கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துச் சத்தம் வருகிறதா? புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. விண்டோஸ் ஒலியைச் சிறு சிறு மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. மூட்டைக்கு 1024 சாம்பிள் என்றால், விநாடிக்கு 48,000 என்ற கணக்கில் 21 மில்லி விநாடி தாமதம். (இங்கே சாம்பிள் என்பது ஒலியின் ஒரு புள்ளி, மேலே சொன்ன பதிவு அல்ல.) 256 ஆக்கினால் ஐந்து மில்லி விநாடிதான். இதற்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, அதில் பபர் அளவைக் குறையுங்கள். ரொம்பவும் குறைத்தால் படபடவென்று இரைச்சல் வரும். ஒரு படி ஏற்றிக் கொள்ளவும். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். தாமதம் அதிலேயே வந்துவிடும். ஒயர் உள்ளதை மாட்டுங்கள்.

என் அக்கா மகள் முதல் நாள் மாலை ஒரே கட்டையைக் கால் மணி நேரம் தட்டிக் கொண்டிருந்தாள். மெல்ல, இன்னும் மெல்ல. "மாமா, இது கோபப்படுது பாரு" என்று ஓங்கி ஒரு அடி. ஆசிரியை இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்ததை அந்தக் கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டது.

நாமே ஒன்று செய்தால்?

இந்தச் சமயத்தில்தான், பக்கத்து ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூட ஹாலில் கிடந்த நெட்டைப் பியானோவைக் காயலான் கடைக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்தது. பின் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. இரண்டு கட்டைகள் ஒலிக்கவே இல்லை. சரி செய்ய ஆகும் செலவுக்கு யாரும் தயாராக இல்லை. ஆனால் நடு ஸ்தாயியில் மெல்ல வாசித்தால், பித்தளைப் பாத்திரத்தை மரக் கரண்டியால் தொட்டது போல அதற்கென்று ஒரு குரல் இருந்தது. அது எந்த டவுன்லோடிலும் கிடைக்காது. அனுமதி கேட்டேன். "எடுத்துக்குங்க, எங்களுக்கு என்ன" என்றார்கள்.

கணக்கு இப்படி. மூன்று கட்டைக்கு ஒன்று என்று 30. ஒவ்வொன்றும் மூன்று பலத்தில். மொத்தம் 90 பதிவு. சராசரி 15 விநாடி என்றால் இருபத்திரண்டரை நிமிடம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவில் விநாடிக்கு 2,88,000 பைட். ஆக மொத்தம் 390 எம்.பி. ஒரு சிடியிலேயே அடங்கும்! கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் முழுவதும் அடங்கும் வரை ஹாலில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. கீழ்க் கட்டைகள் அடங்க அரை நிமிடம் கூட ஆகும்.

எங்கள் பக்கம் விசைத்தறி ஊர்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எங்கே போனாலும் காதில் தறிச் சத்தம்தான். பழகிவிட்டதால் நமக்குத் தெரியாது. மைக்குக்குத் தெரியும். அப்போது எனக்கு உதவியது மின்வாரியம் என்றால் நம்புவீர்களா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. அந்த நாளையே குறித்துக் கொண்டேன். கரண்ட் போனதும் தறி எல்லாம் நின்றது. பேன் நின்றது. டியூப்லைட்டின் ரீங்காரமும், நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் நின்றது. "சார், போயிடுச்சு, ஆரம்பிங்க" என்று வாட்ச்மேன் வாசலில் போய் உட்கார்ந்து கொண்டார். பஸ் ஹாரனையும் காகத்தையும் அவரால் நிறுத்த முடியவில்லை. இரண்டு மின்தடை நாட்கள் ஆயின.

பதிவு செய்தது பேட்டரியில் ஓடும் ஒரு கையடக்க ரெக்கார்டரில். செல்போனில் செய்யலாமா என்றால் செய்யலாம்; ஆனால் பெரும்பாலான போன்கள் மெல்லிய சத்தத்தைத் தானாகவே ஏற்றி, பெரிய சத்தத்தைத் தானாகவே இறக்கிவிடும். மூன்று பலத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். ரெக்கார்டரில் இந்த ஆட்டோ வசதியை நிறுத்தி, மிக ஓங்கிய அடிக்குச் சிவப்பு விளக்கு எரியாத அளவில் ஒரு முறை லெவல் வைத்துவிட்டு, கடைசி வரை அதைத் தொடவே கூடாது.

பியானோவில் நடுவிலும் மேலும் உள்ள ஸ்வரங்களுக்கு மூன்று மூன்று கம்பிகள். மூன்றும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். பழைய பியானோவில் அவை ஒன்றோடொன்று சண்டை போடும்; "வாங்ங்" என்று அலை அலையாகக் கேட்கும். இதை மட்டும் எந்தப் புரோகிராமாலும் பின்னால் சரி செய்ய முடியாது. முழு ஸ்வரத்தையும் ஏற்றலாம், இறக்கலாம். அதற்குள் கலந்துவிட்ட மூன்று கம்பிகளைப் பிரிக்க வழியில்லை. ஆகவே குறித்து வைத்த கட்டை சண்டைக்காரக் கட்டையாக இருந்தால், அடுத்த கட்டையைப் பதிவு செய்து கொண்டேன். ஊமைக் கட்டைகளுக்கும் இதே வைத்தியம்.

நறுக்கும் வேலை, திருத்தும் வேலை

பதிவு இரண்டு நாள். வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை ஐந்து வாரம், அதுவும் ராத்திரிகளில்.

ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமில் நீண்ட பதிவைத் திறந்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் லேபிள் போட்டு, ஒரே தடவையில் 90 பைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். மிடியில் நடு சி கட்டையின் எண் 60. நான் "060-1, 060-2, 060-3" என்று கட்டை எண்ணும் பலத்தின் எண்ணும் போட்டேன். "நல்ல பியானோ புதுசு 2" என்றெல்லாம் வைத்தால் மறுநாள் நமக்கே புரியாது.

வெட்டும்போது ஒலியின் தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுத்தியல் கம்பியைத் தொடும் இடத்துக்கு மிகச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். முன்னால் 20 மில்லி விநாடி மவுனம் தங்கிவிட்டால், வாசிக்கும்போது அது தாமதமாகத் தெரியும். மூன்று பைலில் மூன்று விதமாகத் தங்கினால் தாளமே ஆடும். முடிவில் வெடுக்கென்று வெட்டாமல் பேட் அவுட் கொடுக்கவும்.

"நார்மலைஸ்" என்று ஒரு கட்டளை உண்டு. எல்லாப் பைல்களையும் ஒரே உச்ச அளவுக்குக் கொண்டு வந்துவிடும். அழகாகத் தோன்றும், சாம்பிள் வேலையில் அதன் பக்கமே போக வேண்டாம். மெல்லிய பதிவும் ஓங்கிய பதிவும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். இரைச்சல் நீக்கும் "நாய்ஸ் ரிடக்‌ஷன்" கட்டளையையும் கொஞ்சமாகவே பயன்படுத்துங்கள். அதிகம் போனால் ஸ்வரம் அடங்கும் வால் பகுதி தண்ணீருக்குள் கேட்பது போல ஆகிவிடும். வாலில் லேசாக ஒரு ஹால் இரைச்சல் இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை.

இனி எஸ்எப்இசட் பைல். ரெனே செபாலோஸ் என்பவர் உருவாக்கிய இந்த முறையின் அழகு என்னவென்றால், அது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம். சாம்பிள் ஒன்றுக்கு ஒரு பத்தி. இந்த பைலை எடு. இந்தக் கட்டை முதல் இந்தக் கட்டை வரை. இதன் சொந்தக் கட்டை எது. வெலாசிட்டி இதிலிருந்து இது வரை. அவ்வளவுதான். நான் 1 முதல் 50 வரை மெல்லிய பதிவு, 51 முதல் 95 வரை நடுத்தரம், மீதி ஓங்கியது என்று பிரித்தேன். டைப் செய்யச் சோம்பலாக இருந்தால் பாலிபோன் என்ற இலவச எடிட்டர் இருக்கிறது.

வாசித்துப் பார்த்தால் பள்ளம் மேடு தெரியும். ஒரு கட்டை மட்டும் துருத்திக் கொண்டு நிற்கும். அந்தப் பத்தியில் வால்யூம் மைனஸ் 2 என்று ஒரு வரி சேருங்கள், சேமியுங்கள், மறுபடி இழுத்துப் போடுங்கள். சுருதிக்கும் அப்படியே. ஓர் அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். எங்கள் பியானோ மொத்தமாக நாற்பது சென்ட் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. பழைய கம்பிகள் தளர்ந்து இறங்குவது இயல்புதான். ட்யூன் என்ற வரியில் 40 போட்டு ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு, ஐந்து, ஏழு என்று சரி செய்தேன்.

ட்யூனர் ஆப் காட்டும் பூஜ்யத்துக்கு எல்லாவற்றையும் கொண்டு வந்து நிறுத்த ஆசை வரும். செய்யாதீர்கள். பியானோக் கம்பி தடித்தது, விறைப்பானது. அதனால் அதன் மேல் ஒலிகள் கணக்குப்படி இருக்க வேண்டியதை விடச் சற்று ஏறியே இருக்கும். அதற்கு ஒத்துப் போக, ட்யூனர்கள் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் ஏற்றியும் கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் இறக்கியும்தான் சுருதி சேர்ப்பார்கள். ஆப் சொல்வதைக் கேட்டு நேராக்கினால் மேல் ஸ்வரங்கள் தாழ்ந்து கேட்கும். நடுப் பகுதிக்கு ஆப்பைக் கேளுங்கள். இரு ஓரங்களுக்கும் ஸ்தாயி ஸ்தாயியாகச் சேர்த்து வாசித்துக் காதைக் கேளுங்கள்.

சாலமாண்டருக்குப் பக்கத்தில் வைத்தால் எங்கள் பள்ளிக்கூடப் பியானோ ஏழைதான். மூன்று பலத்துக்கு நடுவில் தாவுவது கேட்கிறது. 16 எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தேர்வுப் பாடங்களை என் அக்கா மகள் சாலமாண்டரில்தான் பழகுகிறாள். பாடம் முடிந்த பிறகு தனக்காக வாசிக்கும்போது மட்டும், கேட்காமலே மற்றதை ஏற்றிக் கொள்கிறாள்.

அந்த ஹால் இப்போது காலி. பியானோவை ஒரு டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

நீங்களும் இப்படி ஏதாவது செய்தால், அது பியானோவாக இருக்க வேண்டும் என்பதில்லை, வீட்டு ஆர்மோனியமாகக் கூட இருக்கலாம். போல்டருக்குள் ஒரு டெக்ஸ்ட் பைல் எழுதி வையுங்கள். எந்த வாத்தியம், எந்த மாதம், எந்த ரெக்கார்டர், எந்தக் கட்டைகள் ஊமை, எதை எவ்வளவு ஏற்றினீர்கள், மற்றவர்கள் திருத்தலாமா கூடாதா என்று. உரிமம் எழுதாத பைலை அடுத்தவர் தொடத் தயங்குவார். நறுக்காத மூலப் பதிவையும் தனியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். என்னுடையதில் 031-3 என்ற பைலின் வாலில் ஒரு காகம் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு வழி தெரிந்தால் மூலத்திலிருந்து மறுபடி வெட்டிக் கொள்வேன்.